மேல் லயத்துச் சாவுக்கு யார் தட்டுவது

போன வாரம் லோஜினியைக் கைதட்டலுக்கு நடுவில் விட்டுவிட்டு வந்தேன். அதற்காக எனக்குக் கிடைத்த திட்டு கொஞ்சமல்ல. "பிள்ளை நல்ல காரியம்தானே செய்தாள், அப்பன்காரன் ஏன் எழுந்து போனான், அவனுக்கு என்ன கொம்பா முளைத்திருக்கிறது" என்று ஒரு வாசகி கேட்டிருந்தார். கொம்பும் இல்லை, ஒன்றும் இல்லை அம்மா. கொஞ்சம் பொறுத்துக் கேளுங்கள்.

போன வாரம் படிக்காமல் விட்டவர்களுக்காக இரண்டு வார்த்தை. கண்டிப் பக்கம் பன்விலவுக்கு மேலே ஊசிமலைத் தேயிலைத் தோட்டம். தொழிலாளர் குடியிருக்கும் வரிசை வீடுகள், மேல் லயம், கீழ் லயம் என்று இரண்டு லயங்கள். பெரு மழைக்குப் பிறகு கீழ் லயத்துக்குப் பின்னால் மலை வெடித்து நிற்கிறது. அடுத்த மழைக்கு அந்த லயம் இருக்குமா என்று யாராலும் சொல்ல முடியாது. கோயிலுக்குப் பக்கத்தில் ரோட்டோரமாக ஒரு நிலம் கிடக்கிறது. அதில் கீழ் லயத்துக்கு வீடு கட்டிக் கொடுக்கலாம். ஆனால் மேல் லயத்துக்காரர்கள் அங்கே காலங்காலமாக மரக்கறி போட்டு வருகிறார்கள். இரண்டு லயமும் ஒன்றாக வந்து நின்று சம்மதம் சொன்னால்தான் நிலத்தை அளப்போம் என்று ஆபிஸில் சொல்லிவிட்டார்கள். செவ்வாய்க்கிழமை காலை அதிகாரி வருகிறார்.

கீழ் லயத்துக் கணபதியின் மகள்தான் லோஜினி. கண்டி டவுனில் ஒரு இளைஞர் அமைப்பில் வேலை. தோட்டத்துப் பிள்ளைகளைச் சேர்த்துக்கொண்டு மேல் லயத்து வீடு வீடாக ஏறி இறங்கி, ஞாயிற்றுக்கிழமை இரண்டு லயத்தையும் கோயில் மைதானத்தில் உட்கார வைத்துவிட்டாள். அது சின்ன வேலை இல்லை. கூட்டத்தைத் தொடங்குவதற்கு முன்னால் அப்பாவை மேடைக்குக் கூப்பிட்டு, கதிரையில் உட்கார வைத்து, மடியில் தப்பு என்கிற தோல் பறை ஒன்றை வைத்தாள். "இது நம்ம அடையாளம். எங்க அப்பாவோட அப்பா இந்த மலையிலேயே பேர் போன தப்புக்காரர்" என்று மைக்கில் சொன்னாள். கைதட்டல் வானத்தைப் பிளந்தது. மேல் லயத்துக்காரர்கள்தான் கூடுதலாகத் தட்டினார்கள். கணபதி தப்பைக் கதிரையில் வைத்துவிட்டு ஒன்றும் பேசாமல் வீட்டுக்குப் போய்விட்டார்.

அப்பாவுக்குக் கூச்சம் என்று அவள் நினைத்துக்கொண்டாள். படித்த பிள்ளைகளுக்குச் சில சமயம் இப்படித்தான் எல்லாவற்றுக்கும் ஒரு காரணம் கையிலேயே இருக்கும்.

திங்கட்கிழமை விடிந்தது. கணபதி வேலைக்குப் பேர் கொடுக்கப் பெரட்டுக்குப் போகவில்லை. இராத்திரியும் சாப்பிடவில்லை, காலையில் ரொட்டியையும் தொடவில்லை. மம்பட்டியை எடுத்துக்கொண்டு லயத்துக்குப் பின்னால் போய், வெடிப்புக்குள் இறங்காமல் தண்ணீர் வழிந்தோட ஒரு கான் வெட்டிக்கொண்டிருந்தார்.

"அப்பாவுக்கு என்னம்மா?" லோஜினி அடுப்படியில் வந்து நின்றாள்.

சுப்பம்மா கொழுந்துக் கூடையைத் தோளில் மாட்டியவள் அதை மறுபடியும் கீழே வைத்தாள். "ஒனக்கு நெசமாவே தெரியாதா?"

"என்ன தெரியாதா?"

"இந்த லயத்துல ஏன் யாருமே தப்பைத் தொடுறதில்லன்னு."

"மறந்துட்டாங்கன்னு நெனச்சேன். அதனாலதானே ஒரு தப்பு மாஸ்டரை வச்சு புள்ளைங்களுக்கு கிளாஸ் நடத்துனேன்."

"யாரும் மறக்கல பாப்பா. விட்டாங்க. வேணும்னே விட்டாங்க."

சுப்பம்மா அதிகம் பேசுகிறவள் இல்லை. அன்றைக்குப் பேசினாள்.

"மேல் லயத்துல சாவு விழுந்தா கீழ் லயத்து ஆம்பள போயித் தப்படிக்கணும். அது வேல இல்ல, சம்பளம் இல்ல. பொறந்துட்டா செய்யணும், அவ்வளவுதான். ஒங்க அப்பாவுக்கு ஒரு தங்கச்சி இருந்துச்சு. செல்லம்மான்னு. சின்னப் புள்ள. காய்ச்சல்ல செத்துப்போச்சு. அன்னைக்கே மேலயும் ஒரு சாவு. ஒங்க தாத்தாவ வந்து கூட்டிட்டுப் போயிட்டாங்க. எம் புள்ள பொணமா கெடக்குதுய்யான்னு கால்ல விழுந்திருக்காரு. விடல. அங்க அவரு தட்டிக்கிட்டு நிக்கிறாரு, இங்க தங்கச்சியத் தோள்ல போட்டுக்கிட்டு ஒங்கப்பாதான் பொதைக்கப் போனாரு. அப்ப அவருக்கு மீசைகூட மொளைக்கல."

சுப்பம்மா அடுப்பில் விறகைத் தள்ளிவிட்டுத் தொடர்ந்தாள்.

"வளந்ததும் அவருதான் வீடு வீடாப் போயி எல்லாத் தப்பையும் வாங்கித் தண்ணிப் பீலிக்குக் கீழ உள்ள குழியில போட்டுக் கொளுத்துனாரு. அதுக்கு வாங்குன அடியோட தழும்பு இன்னும் முதுகுல இருக்குது. பீலியில தண்ணி புடிக்க விடல. நாங்க ஆத்துக்கு எறங்கித்தான் தண்ணி தூக்குனோம். ஆனாலும் ஒருத்தரும் தட்டல. அன்னையிலேர்ந்து இந்த லயத்துல சிரட்டையக்கூட யாரும் தட்டுனதில்ல."

"ஏம்மா எங்கிட்ட சொல்லல?"

"ஒனக்கு அது தெரியவே கூடாதுன்னுதானே விட்டாரு. அப்புறம் அதையே ஒக்கார வச்சுச் சொல்லிக்கிட்டிருப்பாரா?"

சுப்பம்மா கூடையை மாட்டிக்கொண்டு மலைக்குப் போய்விட்டாள். லோஜினி அடுப்படியிலேயே நின்றாள்.

போய் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று அவள் பின்பக்கம் போன நேரம் பார்த்துத்தான் மேலே ஒப்பாரி கேட்டது. மேல் லயத்துத் தலைவர் வேலாயுதத்தின் தாய் இரத்தினம்மா போய்ச் சேர்ந்துவிட்டாள். வயதாகி, படுக்கையில் கிடந்த மனுஷி. யாரும் எதிர்பார்க்காத சாவு இல்லை. ஆனால் சாவுக்கு நேரம் காலம் தெரிவதில்லையே. மலையில் வேலையை நிறுத்திப் பெண்கள் இறங்கி வந்தார்கள்.

மத்தியானத்துக்குக் கொஞ்சம் முன்னால் வேலாயுதம் கீழ் லயத்துக்கு வந்தார். கூட இரண்டு பேர். தாயைப் பறிகொடுத்த மனுஷன், கண் சிவந்திருந்தது. அதைப் பொய் என்று நான் சொல்லமாட்டேன். கணபதியின் வீட்டு வாசல் திண்ணையில், இஸ்தோப்பில், ஏறி உட்கார்ந்தார். மேல் லயத்துத் தலைவர் ஒருவர் அந்த இஸ்தோப்பில் உட்கார்ந்ததை அதுவரை யாரும் பார்த்ததில்லை. பக்கத்து வீட்டு அங்கம்மா கதவோரம் வந்து நின்றாள். லயமே எட்டிப் பார்த்தது.

"கணபதி அண்ணே," என்றார் வேலாயுதம். அதுவும் புதுசு. "அம்மாவ நாலு மணிக்கு எடுக்குறோம்."

"கேள்விப்பட்டேன் தம்பி. வர்றோம்."

"வர்றது இருக்கட்டும். அம்மா பழைய காலத்து ஆளு. தப்புச் சத்தம் இல்லாமப் போறோமேன்னு எப்பவும் சொல்லிக்கிட்டேதான் இருக்கும். வெளியில ஆள் புடிக்க நேரமில்ல. நீங்க வந்து ஒரு தட்டுத் தட்டுனா அது ஆத்மா சாந்தியடையும்."

கணபதி கையிலிருந்த சேற்றைத் துடைத்துக்கொண்டார். "நாங்க தட்டுறதில்ல. ஒங்களுக்குத் தெரியும்."

"அது அந்தக் காலம் அண்ணே. நாங்க என்ன அடிச்சா இழுத்துட்டுப் போறோம்? மரியாதையாக் கேக்குறோம்." அவர் லோஜினியைப் பார்த்தார். "பாப்பாதானே நேத்து மைக்குல சொல்லுச்சு. இதுல கேவலம் ஒன்னும் இல்ல, இது நம்ம அடையாளம்னு. எங்க லயமே கைதட்டுச்சே. இல்லையா பாப்பா?"

"அது வேற தலைவரே. கூட்டத்துல அடிக்கிறது வேற, சாவுக்கு..."

"எங்கம்மா சாவு மட்டும் என்ன கொறைச்சல்? ஊர்க் கூட்டத்துக்கு அடிச்சா கலை, எங்க வீட்டுக்கு அடிச்சா கேவலமா?"

கேள்வி எப்படி இருக்கிறது பாருங்கள். எனக்கே எழுதும்போது எரிச்சல் வருகிறது. அவளுடைய வார்த்தையை அவளிடமே திருப்பிக் கொடுத்துவிட்டார்.

வேலாயுதம் எழுந்தார். குரலை உயர்த்தவே இல்லை. "நாளைக்கு ஆபிஸர் வர்றாரு. எங்க ஆளுங்க எல்லாரும் கோயிலடிக்கு வரணும்னுதான் எனக்கும் ஆசை. ஆனா தலைவரோட அம்மா சாவுக்கே கீழ இருந்து ஒருத்தன் வரலன்னா, நான் எந்த மொகத்த வச்சுக்கிட்டு மரக்கறித் தோட்டத்த விட்டுக் குடுங்கன்னு கேப்பேன்? யோசிங்க அண்ணே. ஒரு நாள்தான்."

அவர்கள் போனார்கள். கணபதி மம்பட்டியை எடுத்துக்கொண்டு பழையபடி கான் வெட்டப் போய்விட்டார்.

லோஜினியின் அண்ணன் சந்திரகுமார் கட்டுகஸ்தோட்டையில் ஹபீல் நானாவின் ஹார்ட்வெயார் கடையில் வேலை. மனைவி தர்ஷிகாவும் கைக்குழந்தையும் அப்பா வீட்டில்தான். சாவுச் செய்தி கேட்டு அரை நாள் லீவு போட்டுவிட்டு பஸ் ஏறி வந்திருந்தான். லயத்துக்குள் காலை வைக்கும்போதே நடந்ததெல்லாம் காதில் விழுந்துவிட்டது. நேரே அப்பாவிடம் போனான்.

"போயித் தட்டிட்டு வந்துருங்கப்பா."

கணபதி நிமிரவில்லை.

"உள்ள வந்து செவத்தப் பாருங்க. போன மாசம் வெடிப்புக்குள்ள வெரல் நொழஞ்சுச்சு. இப்பக் கையே நொழையுது. எம் புள்ள அந்தச் செவத்துக்குப் பக்கத்துலதான் தூங்குது. தர்ஷிகா ராத்திரி ராத்திரி முழிச்சுக்கிட்டு மண்ணு விழுற சத்தம் கேக்குதான்னு பாத்துக்கிட்டு ஒக்காந்திருக்கா."

"தெரியும். நானும் முழிச்சுக்கிட்டுத்தான் இருக்கேன்."

"அப்புறம் என்ன? ஒரு நாள் தட்டுனா என்ன கொறஞ்சுடும்?"

"எங்கப்பாகிட்டயும் ஒரு நாள்னுதான் சொன்னாங்க கொமாரு. ஒவ்வொரு தடவையும் ஒரு நாள்னுதான் சொல்லுவாங்க."

"ஒங்க வீராப்புக்கு நாங்க மண்ணுக்குள்ள போகணுமா?"

மகன் அப்படிப் பேசியிருக்கக் கூடாது. ஆனால் இரண்டு மாதக் குழந்தையை வெடித்த சுவரோரம் படுக்க வைப்பவனுக்குப் பேச்சில் நிதானம் எங்கிருந்து வரும். கணபதி குனிந்து மண்ணை வாரிப் போட்டார். சந்திரகுமார் விறுவிறு என்று போய்விட்டான்.

லோஜினி பீலிப் பக்கம் நடந்து போய் றமீஸாவுக்கு ஃபோன் எடுத்தாள். றமீஸா கட்டுகஸ்தோட்டைக்காரி. அமைப்பில் இவளோடு ஒன்றாக வேலை செய்கிறவள். முழுவதையும் கேட்டுவிட்டு ஒரு கேள்விதான் கேட்டாள்.

"தப்ப மடியில வெக்க முந்தி ஒங்கட வாப்பாக்கிட்டக் கேட்டீங்களா?"

"இல்ல."

"மேல் லயத்துல ஒவ்வொரு வீட்டுலயும் கேட்டீங்க தானே. செருப்பக் கழட்டி வெச்சிட்டு, தரையில இருந்து, அவங்க தந்த தேத்தண்ணியக் குடிச்சி, பெரியவங்க சொல்ற எல்லாத்தையும் கேட்டுட்டு வந்தீங்க. நானும் வந்தேனே."

"அதுதான் நமக்குப் பழக்குனது. மத்தவங்க வழக்கத்த மதிக்கணும், நமக்குத் தெரியாதுன்னு நெனச்சுக் கேக்கணும்னு. எங்க வீடு எனக்குத் தெரியும்னு இருந்துட்டேன் றமீஸா."

"எனக்கு என்ன சொல்றதுன்டே வெளங்குதில்ல லோஜி," என்றாள் றமீஸா. "போய் வாப்பாக்குப் பக்கத்துல இரிங்க. வேற ஒண்டும் செய்யப் போக வாணாம்."

லோஜினி திரும்பி வந்தாள். கணபதி கானின் ஓரத்தில் கல் அடுக்கிக்கொண்டிருந்தார். அவள் கீழே கிடந்த கல்லை ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தாள். அவரும் வாங்கி வைத்தார்.

"மன்னிச்சுருங்கப்பா."

"நீ கெட்டது நெனச்சுச் செய்யல."

"எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்ல."

"நீ கேட்டிருந்தாச் சொல்லியிருப்பேன்." அவர் கல்லைத் தட்டி இறுக்கினார். "தப்ப மடியில வச்சப்பக்கூடப் பரவாயில்ல. பாப்பாவுக்குத் தெரியாதுன்னு வெளங்குச்சு. ஆனா அவனுங்க கை தட்டுனப்ப மொகத்தப் பாத்தேன். ஒவ்வொருத்தனுக்கும் தெரிஞ்சிருந்துச்சு."

அவளுக்கு அழுகை வந்தது. அடக்கிக்கொண்டாள். அழுதால் அவர்தான் தேற்ற வேண்டியிருக்கும். அதுவும் அவர் தலையிலா என்று நினைத்தாள்.

"நாளைக்கு மேல் லயம் வராட்டியும் நம்ம லயத்துல எல்லாரும் வருவாங்கப்பா. அங்கம்மா அத்தை ஆளுகளக் கூட்டிட்டு வர்றேன்னு சொல்லியிருக்கு. நாம மட்டுமாவது நின்னு கேப்போம்."

"நிப்போம்," என்றார் கணபதி. "அதுக்கு நான் வர்றேன்."

நேற்றிலிருந்து அவர் அவளிடம் சொன்ன தெம்பான வார்த்தை அது ஒன்றுதான். அவளுக்குக் கொஞ்சம் மூச்சு வந்தது. இங்கேயே இந்த அத்தியாயத்தை முடித்துவிட எனக்கும் ஆசைதான்.

மேலே தப்புச் சத்தம் கேட்டது.

முதலில் மெதுவாக. பிறகு ஓங்கி, சாவுக்கு அடிக்கிற அடி. கணபதியின் கை கல்லிலேயே நின்றுவிட்டது. அவருக்கு அந்த அடி தெரியும். தங்கச்சியைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்த அன்றைக்கும் காதில் விழுந்தது அதுதான்.

"வெளியில இருந்து ஆள் புடிச்சிட்டாங்க போல," என்றாள் லோஜினி.

கணபதி காதைக் கொடுத்துக் கேட்டார். "இது பழகுன கையில்ல. புதுக் கை."

சுப்பம்மா பாதையில் இறங்கி வந்தாள். சாவு வீட்டுக்குப் போனவள், பிணம் எடுப்பதற்கு முன்னாலேயே திரும்பிவிட்டாள். முந்தானையை வாயில் அழுத்திப் பிடித்திருந்தாள்.

"நம்ம கொமாருங்க," என்றாள். "நம்ம கொமாருதான் தட்டுறான்."

கணபதி எழுந்து நின்றார்.

"பதினாறுக்கும் வந்துரு தம்பின்னு சொல்லிட்டாங்க. அவன் சரின்னுட்டான். அம்மன் திருவிழாவுக்கும் இனி வெளியில ஆள் தேட வேணாம்னு ஒருத்தன் பேசிக்கிட்டு நிக்கிறான், என் காதுபடவே."

"அவனுக்கு அடிக்கத் தெரியாதே," என்றார் கணபதி. மகன் செய்ததைவிட அதுதான் அவருக்குப் புரியாமல் இருந்தது. "இந்த லயத்துல தப்பே கெடையாதே. அவனுக்கு யாரு பழக்குனது?"

சுப்பம்மா மகளைப் பார்த்தாள். பார்க்காமல் இருந்திருக்கலாம்.

லயத்துக்குச் சத்தம் எட்டாத கோயில் மண்டபத்தில், வீட்டில் சொல்லாமல், சனிக்கிழமை சனிக்கிழமையாக நடந்த வகுப்பு அது. வெளியூரிலிருந்து மாஸ்டரையும் தப்புகளையும் கொண்டு வந்தது லோஜினி. மற்றப் பிள்ளைகள் கூச்சப்பட்டபோது, நீ முன்னால நில்லு அண்ணே, உன்னப் பாத்து அவங்களும் வருவாங்க என்று கெஞ்சிக் கூப்பிட்டதும் அவள்தான். அவன் நன்றாக அடித்த அன்றைக்கு ஃபோனில் படம் பிடித்து நாலு பேருக்கு அனுப்பியும் இருந்தாள்.

"நான்தான்ப்பா," என்றாள்.

கணபதி அவளைத் திட்டவில்லை. கை ஓங்கவில்லை. மேலேயிருந்து வருகிற சத்தத்தைக் கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்தார்.

"நல்லாப் பழக்கியிருக்க," என்றார்.

லயத்தில் முதல் கதவு சாத்தும் சத்தம் கேட்டது. பிறகு அடுத்த கதவு. பட்டப் பகலில் யாரும் கதவைச் சாத்துகிற வழக்கம் அந்த லயத்தில் இல்லை. குழந்தைகளைக் கையைப் பிடித்து உள்ளே இழுத்துக்கொண்டார்கள். லோஜினி முன்பக்கம் ஓடி வந்தபோது அங்கம்மாவின் கதவு மட்டும் பாதி திறந்திருந்தது. லோஜினி குழந்தையாக இருந்தபோது அம்மா மலைக்குப் போனால் அந்த வீட்டில்தான் சோறு.

"அத்தை, அண்ணன் நமக்காகத்தான்..."

"பீலிக்கரையில எம் புருசன் ரத்தமும் சிந்தியிருக்கு பாப்பா," என்றாள் அங்கம்மா. அவள் குரலில் கோபம்கூட இல்லை. "நாளைக்கு மேல் லயம் வரும். தாராளமா வரும். எங்கள எதிர்பாக்காத."

"நிலம் நமக்குத்தானே அத்தை. நாம வராட்டி யாருக்கு அளப்பாங்க?"

"தப்படிச்சு வாங்குன நெலத்துல எவ வந்து குந்துவா?"

கதவு மூடிக்கொண்டது. உள்ளே தாழ்ப்பாள் போடும் சத்தமும் கேட்டது.

லோஜினி வெறும் லயத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள். உள்ளே வெடித்த சுவரோரம் அண்ணனின் குழந்தை சத்தத்துக்கு முழித்துக்கொண்டு அழுதது. தர்ஷிகா தாலாட்டுவது கேட்டது. மேலே தப்பு நிற்கவில்லை. பிணம் புறப்பட்டுவிட்டது போல, சத்தம் கொஞ்சம் கொஞ்சமாக நகர்ந்து கொண்டிருந்தது.

அப்பாவிடம் போவதற்காகத் திரும்பினாள். கானோரத்தில் மம்பட்டி மட்டும் கிடந்தது. சேற்றுக் காலோடு, சட்டைகூட மாற்றாமல், கணபதி மேல் லயத்துப் பாதையில் ஏறிக்கொண்டிருந்தார். சுப்பம்மா பாதி வழி வரைக்கும் பின்னால் ஓடிவிட்டு நின்றுவிட்டாள்.

மகனை அடித்து இழுத்து வரப் போகிறாரா, இல்லை மகன் கையிலிருப்பதை வாங்கித் தான் அடிக்கப் போகிறாரா என்று லோஜினிக்குத் தெரியவில்லை. கூப்பிட்டுக் கேட்க நினைத்தாள். அவரிடம் எதையும் கேட்கிற தைரியம் அவளுக்கு அப்போது இருக்கவில்லை.